இறங்காமல் திரும்பிய விமானம்

அன்புள்ள இந்திராணிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நான் இங்கே வேலைக்குக் கிளம்பியபோது, "போர்ட் பிளேர் எவ்வளவு தூரம் பெரியப்பா?" என்று தம்பி மகன் குணா கேட்டான். "ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் நெரிசலில் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு பஸ் போகும் நேரம்தான், இரண்டு மணி நேரம்" என்று உதாரணம் சொன்னேன். அதை நம்பித்தான் செவ்வாய்க்கிழமை தன் அப்பாவின் உடலை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.

நான் ஏற வேண்டிய விமானம் சென்னையிலிருந்து வந்து, மழைமேகத்தில் இரண்டு முறை சுற்றிவிட்டு, இறங்காமல் திரும்பிவிட்டது. "அடுத்ததில் வந்துவிடுவேன்" என்று குணாவிடம் போனில் சொன்னேன். அடுத்ததும் வரவில்லை. என்னை ஆட்டோவில் கொண்டுவிட்ட பக்கத்து வீட்டு சிலுவைராஜ், "மௌசம் கராப், மாஸ்டர், வானம் சரியில்ல. இனி நாளைக்குத்தான். வாங்க, இன்னைக்கு எங்க வீட்லயும் மீன் இல்லாத சோறுதான்" என்றார். மீன்பிடிக்கிற வீட்டில் எனக்காக ரசம் வைத்திருந்தார்கள். கவலைப்படாதே, சாப்பிட்டேன்.

மறுநாள் விமானங்களில் இடமில்லை. காரியத்துக்கு நான்கு நாள் முன்பே வர டிக்கெட் எடுத்திருக்கிறேன். என் வெள்ளை வேட்டியைத் துவைத்து வை. தம்பியின் மூக்குக்கண்ணாடியை யாருக்கும் கொடுத்துவிடாதே.

பெரியப்பா முகம் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டோமே என்று குணா என் போனை எடுப்பதில்லை. இருட்டுவதற்குள் எடுத்தது சரிதான். தவறு என் உதாரணத்தில். கடிதம் கிடைத்ததும் அவனுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, இதை நீயே வாசித்துக் காட்டு.

உன்
ஜெகநாதன்