கட்டைவிரல் நாடி

அக்கா,

இதை உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்!

நீ கோபித்துக்கொண்டு போனபோது விட்டுப்போன நாயை இன்று நான் வேலை பார்க்கும் விலங்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வருஷத்தில் முதன்முறையாக நீ அனுப்பிய குரல் பதிவை அங்கேயே அவனுக்குப் போட்டுக் காட்டினேன். "டேய் குண்டா, ஒழுங்கா சாப்பிடுறியாடா?" என்றாய். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, போகட்டும்.

இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயில் ஓர் அலை ஓடிவந்து விரலைத் தட்டும். அதைப் பிடிக்க அவன் உள்தொடையில் விரல் வைத்திருந்தேன். உன் குரல் கேட்டதும் நாடி எகிறியது பார், நூற்று இருபது!

"டாக்டர், அக்காவ அடையாளம் கண்டுபிடிச்சிட்டான்!" என்று கத்தினேன்.

டாக்டரம்மா அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "எண்பதுதான் இருக்கு. நீ எந்த விரல்ல பாத்தே?"

கட்டைவிரல். அதற்குள்ளேயே பெரிய ரத்தக்குழாய் ஓடுவதால், அதை வைத்துப் பார்த்தால் நம் நாடியைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை நான் திட்டித் தீர்க்கிற தப்பு!

குண்டன் கொட்டாவி விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். நாயைப் பார்க்க வருகிற மாதிரியே வா.

உன் தங்கை