கேட்க வேண்டாததையெல்லாம் கேட்டவள்

என் தங்கத்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அவர் முழங்கால் வலி தேவலை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று எழுத வந்து பேனா நின்றுவிட்டது, நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டதே. ஞாயிற்றுக்கிழமை சித்தி வாய்தவறிச் சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் அம்மாவிடம் சொல்லலாம் என்று இருந்தாயாம், அதற்குள் கலைந்துவிட்டதாம். நாலு மாதம் முன்னால் ஒரு மத்தியானம் நீ போன் செய்தாயே, அது அதைச் சொல்லத்தானாம்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் என் அறையில் இருந்தேன். அம்மா, மனசே சரியில்லை என்றாய். பெற்றவள் என்ன செய்திருக்க வேண்டும்? நானோ ஆலோசனைக்கு வருகிற பெற்றோரிடம் கேட்பதுபோல, எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா, உன் கஷ்டத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய் என்று வரிசையாகக் கேட்டேன். கையில் பேனா வேறு. நான் என்ன கேஸாம்மா உனக்கு என்று போனை வைத்துவிட்டாய். கோபத்தை ஆறவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் இல்லையா, நாலு மாதம் ஆறவிட்டேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், இங்கே வாத்தியாரே மக்கு.

நேற்று மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா வந்திருந்தாள், தையல் வேலை செய்கிறவள். மகள் எதையும் தன்னிடம் சொல்வதில்லை, பக்கத்து வீட்டில்தான் சொல்கிறாள் என்று குறைப்பட்டாள். பிறகு, உங்க பொண்ணு உங்ககிட்ட எல்லாம் சொல்லுமா மேடம் என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பதினாறு வருஷ வேலையில் எனக்கு வராதது அவளுக்குத் தானாக வந்தது. உன்னிடம் அப்படி உட்காராமல் போனேனே, பாவி.

ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வா என்று ஒரு வார்த்தை சொல், வருகிறேன். சமைத்துப் போடுகிறேன், துணி மடித்து வைக்கிறேன், கேள்வியே கேட்கமாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. கேள்வியே கேட்கமாட்டேன் என்றேன், இது ஒன்று மட்டும். அந்தக் குழந்தைக்கு ஏதாவது பெயர் நினைத்து வைத்திருந்தால் எனக்கும் சொல்லம்மா, நான் அதற்குப் பாட்டி இல்லையா.

உன்,
அம்மா