ஒரு நேரத்தில் ஒரு மயக்கம்

ஜூன் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் இன்று ஈ ஓட்டினேன். லென்ஸ் உறையின் பின்பக்கத்தில் புது மந்திரவாதிக்குக் குறிப்பு எழுதினேன். ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் எங்கள் கதை ஆட்டத்தில், நேற்று என் வைத்தியக்காரி செத்துப்போனாள். நாலு வருஷமாக எல்லோருக்கும் கட்டுப்போட்டவள். போதும். அடுத்தவள் யாருக்கும் மருந்து போடமாட்டாள், ஆளை மயக்குவாள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பிரிந்து தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்பது வாரம். ஞாயிறு மதியம் மட்டும் பல் டாக்டர் வீட்டு மேசையில் எதிரெதிரே உட்காருகிறோம். ஆட்டத்தைக் கலைக்க வேண்டாம் என்று பேச்சு. அவர் வாள்வீரன், அவர் தங்கை வில்லாளி. கதை சொல்லி நடத்துபவர் டாக்டர்.

ஜூன் 5

டாக்டருக்குப் போன் செய்தேன். "மயக்குறதுதான் வேலைன்னா அடிக்கிற மந்திரம் ஒண்ணுகூட எடுக்காதீங்க. ரெண்டு படகுல கால் வைக்காதீங்க" என்றார்.

புது மந்திரவாதிக்கு ஆளை ஈர்க்கும் பேச்சில் உச்ச மதிப்பெண் வைத்தேன். உடல்பலம் எட்டு போதும். கூட்டத்தைத் தூங்க வைக்க ஒரு மந்திரம், ஒருவனை அசையாமல் பிடித்து நிறுத்த ஒன்று, விலகிப் போகிறவனை நண்பனாக்க ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும்; இரண்டாவதைப் போட்டால் முதலாவது அவிழ்ந்துவிடும்.

நண்பனாக்கும் மந்திரம் ஒரு மணி நேரம்தான். முடிந்ததும் தான் மயங்கியிருந்தது அவனுக்குத் தெரிந்துவிடுமாம். தெரியட்டுமே. ஒரு மணி நேரம் கிடைக்கிறதல்லவா?

ஜூன் 9, ஞாயிறு

ஆறு கொள்ளைக்காரர்களை ஒரே மந்திரத்தில் தூங்க வைத்தேன். அவர் என்னிடம் பேசியது: "அந்த பென்சிலைக் குடு."

ஜூன் 14

அவர் தங்கை, மூக்குக்கண்ணாடி தளர்ந்துவிட்டது என்று கடைக்கு வந்தாள். அதற்காக வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணி, அண்ணன் இந்த ஞாயிறோட நிறுத்திக்கிறான். வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டான். உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் சொல்ல அவருக்கு வாயில்லையா? ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி மரை தேய்ந்துபோனது. புது ஃபிரேம் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

என்ன பண்ணிட்டேன் நான்.

பாலத்தடியில் ஒரு ராட்சசன். என் மந்திரத்தில் கை ஓங்கியபடி அசையாமல் நின்றான். வில்லாளி அவன் காலிடுக்கில் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து அவர் சொன்னார்: "வாள்வீரன் இதோட கிளம்புறான். பாலத்தைத் தாண்டிப் போயிடுறான்."

நண்பனாக்கும் மந்திரத்தை அவர்மேல் போட்டேன். அவர் பகடையை உருட்டினார். மூன்று. மந்திரத்திலிருந்து தப்ப அது போதாது.

"சரி. நீ சொன்னா இருக்கேன்" என்றார், வாள்வீரனாக. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது.

டாக்டர்தான் மெல்லச் சொன்னார்: "அப்போ ராட்சசன் கட்டு அவிழுது."

ஓங்கிய கை இறங்கியது. நாலு வருஷம் வளர்த்த வில்லாளி அடிபட்டுச் செத்துப்போனாள். அவர் தங்கை தன் வில்லாளியின் குறிப்புத் தாளை நாலாக மடித்தாள். "நீங்க பிடிச்சிருக்கீங்கன்னு நம்பித்தானே அண்ணி உள்ள நுழைஞ்சேன்."

"ஒரு மணி நேரம் முடிஞ்சா வாள்வீரனுக்குத் தெரிஞ்சிடும்ல?" என்று அவர் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் தலையாட்டினார்.

"எனக்கு இப்பவே தெரியுது" என்று எழுந்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா. கண்ணாடிக் கடைக்காரிக்குப் பொருத்தமான பழமொழிதான்.

ஜூன் 18

ஒரு கிழவரின் பார்வையைச் சோதிக்கும்போது எனக்குத்தான் எழுத்து தெரியவில்லை. அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 22

அவர் போய்விட்டார். ஒரே ஒரு மெசேஜ்: "என்கிட்ட இருந்த நம்ம வீட்டுச் சாவி தங்கச்சிகிட்ட இருக்கு."

ஜூன் 23, ஞாயிறு

அவர் தங்கை வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள், புதுத் தாளுடன். செத்த வில்லாளியின் தங்கையாக ஆடப்போகிறாளாம். அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதே பாலம், அதே ராட்சசன். பிடித்து நிறுத்தினேன்.

"தூரத்துல வாள்வீரன் நடந்து போறது தெரியுது. ஒரு மந்திரத்துக்கு எட்டுற தூரம்தான்" என்றார் டாக்டர். அவர் வேலை அது, சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நான் உள்ள போகலாமா அண்ணி?"

எனக்குப் பதில் சொல்ல நேரமானது. அதற்குள் அவர் இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பார்.

"போ. பிடிச்சிருக்கேன்."

அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். கிளம்பும்போது பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். வாங்கவில்லை. நீயே வைத்துக்கொள் என்றேன்.