பல்லிக்கு வைத்தது

ஜனவரி 8

அன்புள்ள கீழ்வீட்டு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், பல்லிகள் உட்பட. தையல் ஆலையில் முப்பது வருடம் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்த உங்கள் காதுக்குப் போன் ஒத்துவராது என்பதால், நானும் எட்டு மாதமாகப் பேனாவைப் பிடிக்கிறேன். ஆய்வகத்தில் ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயரும் தேதியும் ஒட்டியே பழகிய கை, ஒரு பக்கம் எழுதுவதற்குள் வலிக்கிறது.

போன மாதம் மாறிவந்த இந்த வீடு தரைத்தளம். பின்னால் சின்னத் தோட்டம். பார்த்ததும் பிடித்துப்போய் சாவி வாங்கிவிட்டோம். வந்த பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு முன்பே பத்துப் பதினைந்து பேர் குடியிருக்கிறார்கள். கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்று, டியூப்லைட்டில் இரண்டு, அடுப்புக்கு மேலே ஒரு குண்டு. நேற்று மாவு டப்பாவைத் திறந்தபோது மூடியிலிருந்து ஒன்று என் கைமேல் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் இவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்து, பல்லிதானே, பாம்பா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மருந்து வைக்க எனக்கு மனமில்லை. கெடுதல் இல்லாத வழி ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் உங்கள் தங்கையோடு பேசினீர்களா?

உங்கள்
மாடிக்காரி


ஜனவரி 19

என் மாடிக்காரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன், மாவு டப்பா வந்த இடத்தை மட்டும் மூன்று தரம். பல்லிக்குப் பயந்தவள் ஊரார் ரத்தத்தை எப்படித்தான் எடுக்கிறாயோ.

கேட்டுக்கொள். வாசலில் வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு போடு. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். சாப்பாடு போடாத வீட்டில் விருந்தாளிக்கு என்ன வேலை? தோட்டத்துச் சுவர் ஓரமாக உடைந்த தொட்டி, செங்கல் எல்லாம் குவித்து வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதை அப்புறப்படுத்து. தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டையை அடை. ஜன்னல் விளிம்பில் முட்டை ஓடு வை, டியூப்லைட்டுக்குப் பின்னால் உரித்த பூண்டு. மிளகைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். ஆனால் துணியில் வடிகட்டு, இல்லாவிட்டால் பாட்டிலின் வாய் அடைத்துக்கொள்ளும்.

எனக்கு ஒரு சந்தேகம். நீ காலி செய்த பிறகு வெள்ளையடிக்க மாடிக்குப் போனபோது அங்கே ஒரு பல்லிகூட இல்லை. இப்போது படியெல்லாம் அவைதான். அப்போது நீ என்ன வைத்தாய்?

தங்கையோடு பேசவில்லை. வரும் மார்ச் பதினாலோடு மேனேஜர் போய் ஒரு வருடம். அறை அறையாக மேற்பார்வை பார்த்துக்கொண்டு திரிந்த பூனை, வாயில் நுரை தள்ளி என் மடியில் செத்தது. நாற்றுப் பாத்தியைக் கிளறியது என்று, "இந்தப் பூனைக்கு ஒருநாள் இருக்கு" என்று தங்கை வீட்டுக்காரர் சொன்னது செவிடி எனக்கே கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சின்னக் கதவில் பலகை அடித்தது அடித்ததுதான். நீதானே பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாய், உனக்குத் தெரியாதா என் மனசு.

அன்புடன்,
கீழ்வீட்டு அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

மஞ்சள் பல்பு போட்டாயிற்று. செங்கலை நகர்த்தியபோது அடியிலிருந்து ஒரு குடும்பமே புறப்பட்டுப் போனது. முட்டை ஓடு வைத்த ஜன்னலில் பல்லி வரவில்லை, எறும்பு வந்தது. ஓட்டைக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே அக்கா. பூண்டு வாசனையில் இவர், "நம்ம வீட்டுக்கு நானும் வரணுமா வேண்டாமா?" என்று கேட்கிறார். ஆனால் பாதிக்குமேல் குறைந்துவிட்டன. அடுப்பு மேலே இருக்கும் குண்டு மட்டும் அசையவில்லை.

மாடியில் நான் விசேஷமாக எதுவும் வைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக முடிக்க முடியாமல் வைத்திருக்கிறேன். மேனேஜர் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் மறுபடி படிக்க முடியவில்லை. கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னவர் அதைச் செய்துதான் இருப்பார் என்று எப்படி அக்கா சொல்வது? அப்படியே இருந்தாலும் தங்கை என்ன செய்தாள்? ஒரே ஒரு தடவை பேசிப் பாருங்கள். எனக்காக.

உங்கள்
மாடிக்காரி


பிப்ரவரி 14

என் மாடிக்காரிக்கு,

நீ அவர்களுக்கு வக்கீல் வேலை பார்க்காதே. உனக்கு இளகிய மனசு, எல்லாரும் நல்லவர்களாகத் தெரிவார்கள்.

தங்கை வீட்டை விற்கப் போகிறார்களாம். ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அக்காவுக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லை என்று கடைக்காரரிடம் சொன்னாளாம். போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மேனேஜரைக் கொன்ற வீட்டுப் படியை நான் எப்படி மிதிப்பது?

நல்ல சேதி ஒன்று. ஆலையில் கூட வேலை பார்த்தவள் ஒரு பூனைக்குட்டி கொடுத்தாள். இரண்டு மாதம்தான் ஆகிறது. பெயர் உதவி மேனேஜர். இப்போதே அலமாரிகளைச் சோதனை போடுகிறது.

இன்னொன்று. மாடிச் சமையலறைப் பரணில் உன் டப்பா கிடைத்தது. "பல்லி மருந்து, இயற்கை, மார்ச் 12" என்று உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒன்றும் வைக்கவில்லை என்று எழுதினாயே, மறதிக்காரி. உள்ளே உருண்டைகள் கல்லாகக் காய்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தெளித்து இளக்கி, படியில் வைக்கப் போகிறேன். இயற்கை என்றால் குட்டிக்கும் பயமில்லை.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 17, சனி

அக்கா,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அந்த டப்பா உங்களிடம் இருக்காது. உங்கள் கடிதம் மதியம் வந்தது. படித்த கையோடு உங்கள் தங்கைக்குப் போன் செய்தேன். ஓடிப்போய் அதை எடுத்துவிடுங்கள், குட்டி தொட்டிருக்கிறதா பாருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அரைமணி கழித்து அவளே கூப்பிட்டு, "எடுத்துட்டேன், குட்டி நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "அக்காகிட்ட நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டாள். நானே எழுதுகிறேன் என்றேன்.

மேனேஜரைக் கொன்றது நான்தான் அக்கா.

ஆய்வகத்தில் ஒரு பெண் சொன்னாள், புகையிலைத் தூளையும் காப்பித் தூளையும் பிசைந்து உருட்டி வைத்தால் பல்லி தின்று செத்துவிடும், மருந்துக்கடைச் சமாசாரம் ஒன்றும் இல்லை, எல்லாம் இயற்கை என்று. தண்ணீரில் பிசைந்தேன், உதிர்ந்தது. பிடிப்புக்காகப் பாலாடை சேர்த்தேன். பாலாடைக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் காலையில் என் வாசலுக்கு வந்து பாலாடை தின்றுவிட்டுப் போனவனை நான் நினைக்கவே இல்லை. ஒரு நாள் காயவைத்து, மாடிப்படித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஐந்து வைத்தேன். மறுநாள் மூன்றுதான் இருந்தது. பல்லி தின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் நீங்கள் மடியில் போட்டுக்கொண்டு அழுதபோதுதான் புரிந்தது. அப்போதே மேலே போய்ப் படியைக் கழுவினேன். டப்பாவைப் பரணில் வைத்தது நினைவில் இல்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நீங்கள் தங்கை வீட்டுக்காரர்மேல் பழியைப் போட்டதும் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. இவருக்கு மாற்றல் வந்தபோது, தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்தக் கேவலத்தையும் எழுதிவிடுகிறேன். விஷம் வைத்தது நான், தலைகுனிந்து நடக்கிறவர் அவர்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. வீட்டை விற்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

மாடிக்காரி


மார்ச் 3

மாடியில் இருந்தவளுக்கு,

அன்றைக்குத் தங்கை தலை ஈரத்தோடு, செருப்பில்லாமல், தெருவைச் சுற்றி ஓடிவந்தாள். நடுக்கதவில்தான் பலகை இருக்கிறதே. டப்பாவை எடுத்துக்கொண்டாள். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள். பூனையைக் கொன்றது போதாதென்று திருடவும் வந்தாயா என்று கேட்டேன். டப்பாவோடு வந்த வழியே போய்விட்டாள். உன் கடிதம் வர ஆறு நாள் ஆயிற்று. ஆறு நாளும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தாள்.

படித்து முடித்ததும் சுத்தியலை எடுத்துப் பலகையைப் பெயர்த்தேன். அவள் வீட்டுக்காரர் பாத்தியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். கைகூப்பி நின்றேன். அவர் சொன்னார்: "நான் சொன்ன வாய்முகூர்த்தம்தான் பலிச்சிருச்சோன்னு ஒரு வருஷமா எனக்கு உறுத்தல். அதான் உங்க முகத்தைப் பார்க்க முடியல." செய்யாத பாவத்துக்கு அந்த மனிதர் தலைகுனிந்திருக்கிறார். நான் அதைக் குறுகுறுப்பு என்று உனக்கு எழுதினேன், நீயும் படித்தாய்.

வீட்டுக்கு முன்பணம் வாங்கிவிட்டார்கள். திருப்பித் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தோம், வீட்டை வாங்குகிறவர் சம்மதிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி போகிறார்கள். இப்போது தங்கை தினமும் அந்தக் கதவு வழியாக வந்து என்னோடு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் இருபத்தெட்டு நாள்.

நீ பூனைக்கு வைக்கவில்லை, பல்லிக்குத்தான் வைத்தாய். அதை நான் மன்னித்துவிட்டேன். பயந்து சொல்லாமல் இருந்ததைக்கூட எப்படியாவது பொறுத்துக்கொள்வேன். ஆனால் உன் கடிதத்தில் பாலாடை வரை எல்லாவற்றையும் எழுதினாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் பலகை அடித்தபோது, உண்மை தெரிந்துகொண்டே, பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக ஆணி எடுத்துக் கொடுத்தாய்.

பிடுங்கிய ஏழு ஆணியும் ஜன்னலில் இருக்கின்றன. பார்த்தால் உன் கைதான் ஞாபகம் வருகிறது. அது வராமல் போகும் வரை எனக்கு எழுதாதே.

குட்டி நலம்.

கீழ்வீட்டுக்காரி