கஃபனோடு ஏறி வந்தவனுக்கு

தம்பிக்கு,

உன் நலம் கேட்டு இதை எழுதவில்லை.

உம் ஹம்ரா மலையின் உச்சிக்குக் கீழே பாறை பெயர்ந்து என் கால் ஒடிந்தபோது, "அசையாம இருண்ணே, சாயங்காலத்துக்குள்ள ஆளோட வந்துடறேன்" என்றாய். இருந்த ஒரே தண்ணீர்ப் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாய்.

மூன்றாம் நாள்தான் ஆட்களோடு ஏறி வந்தாய். கையில் பிணம் சுற்றும் கஃபன் துணி இருந்தது, தண்ணீர் இல்லை. பாறை இடுக்கில் தேங்கிய மழைநீரை நக்கிக் கிடந்த நான் கண் திறந்ததும், "இன்னும் உசுரோடயா இருக்க?" என்று கேட்டாய். அதற்குள் என் ஒட்டகங்கள் உன் பட்டிக்குப் போய்விட்டிருந்தன.

பெருநாளன்று என் கூடாரத்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய். வா. வந்தவனுக்குக் காபி ஊற்றுவது நம் வழக்கம், ஊற்றுவேன். விருந்தாளி குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்து எதைக் கேட்டாலும், கூடாரத்துக்காரன் அதைக் கொடுத்த பிறகே அவன் குடிப்பான் என்பதும் நம் வழக்கம்தான். ஆனால் நீ அப்படி வைத்து மன்னிப்புக் கேட்டாயானால், அந்தக் காபி அப்படியே ஆறிப்போகட்டும்.

உன் அண்ணன்