அம்மா கேட்ட பூ

ஜூன் 12, வியாழன்

இரண்டு இடமும் கிடைத்துவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம். இரண்டிலும் எம்.ஏ. பொருளாதாரம். பாகூர் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் நின்றபடி போனில் பார்த்தேன். தனியாக எதற்குச் சிரிக்கிறாய் என்று கடைக்காரர் கேட்டார்.

அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு "டெல்லியா?" என்று இரண்டு முறை கேட்டார். அரங்கநாதன் மகள் வெண்ணிலா டெல்லிக்குப் போகிறாள் என்று இந்நேரம் டீக்கடை முழுக்கச் சொல்லியிருப்பார்.

அம்மாதான் முகம் கொடுக்கவில்லை. "சென்னையும் பெரிய காலேஜிதானே?" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து சண்டை. நான் படித்த புத்தகங்களை எழுதியவர்களே டெல்லியில் வகுப்பு எடுக்கிறார்கள். இதை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? மூன்று வருஷம் புதுச்சேரி பஸ்ஸில் நசுங்கிப் போய்ப் படித்தது இதற்குத்தான். என்னோடு படித்த வில்லியனூர் வைஜெயந்திக்கும் டெல்லி கிடைத்திருக்கிறது. அவள் வீட்டில் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

அப்பா "போவட்டும் வுடு" என்றார். அம்மா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். கேட்டால் வாயு என்று ஒரு சாக்கு. நாளைக்குப் பிள்ளையார்குப்பம் செல்வகுமாரி அத்தை வீட்டுக்குப் போக வேண்டுமாம். மறுபடியும். நாத்தனாரோடு திடீரென்று அப்படி என்ன ஒட்டுதல்? என்னைப் பற்றித்தான் புலம்பப் போகிறாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பூ கட்டிப் பார்த்தோம். எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

திரௌபதியம்மன் கோயில். அத்தையும் வந்திருந்தாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒன்றை மனசுக்குள் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. பெண் பார்ப்பதற்கும் போர் போடுவதற்கும் கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கேட்ட முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். பொருளாதாரம் படித்த நானும் போய் நின்றேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்துவிட்டால் அம்மா அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டாள், அந்த ஆசையில்தான் போனேன்.

அம்மா கண்ணை மூடியவள் திறக்கவே இல்லை. அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று பூசாரி சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு என்னிடம், "நான் கேட்டுட்டேன். நீயே எடுடி" என்றாள்.

எடுத்தேன். பிரித்தேன். செவ்வரளி.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. நினைத்ததைச் சாதித்தவள் முகம் அப்படியா இருக்கும்? நான்தான் வாயைத் திறந்து கேட்டேன், இன்னாம்மா என்று.

"சென்னை" என்றாள். "நீ சென்னைக்கே போ."

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

டெல்லி வேண்டாம் என்று போனில் அமுக்கிவிட்டேன். அப்பா தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார். சாமியே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்?

ஜூலை 20, ஞாயிறு

சென்னை. ஹாஸ்டலிலிருந்து நடந்தால் கடற்கரை, கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். கடல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலும்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாலு மணிக்கு அம்மாவின் போன். வெள்ளிக்கிழமை ஆனால் வந்துவிடும். வேறு பேச்சே கிடையாது. "வரியா?" அவ்வளவுதான். பாக்கலாம் என்றேன். போகவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

"வரியா?"

பரீட்சை என்றேன். பரீட்சை ஒன்றும் இல்லை. கிட்டத்தில் வைத்துக்கொள்ளத்தானே ஆசைப்பட்டாள்? கிட்டத்தில்தானே இருக்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தட்டு வைத்துக்கொள்ளவில்லை. இளைத்திருக்கிறாள். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. கேட்டதற்கு, வெயில் என்றாள்.

வைஜெயந்தி டெல்லியிலிருந்து அனுப்பிய படங்களை வேண்டுமென்றே காட்டினேன். அவ குடுத்து வச்சவ என்றேன். அம்மா ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தாள். "அங்க குளுருமாமே?" என்று கேட்டுவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

வலிக்கட்டும் என்றுதான் காட்டினேன். வலித்திருக்கும். அப்புறம் ஏன் எனக்கு நன்றாகவே இல்லை?

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளியன்று காலையில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு விழுந்துவிட்டாள். பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே நர்ஸ் அம்மாவைப் பார்த்ததும் "வாங்க அம்சவள்ளி" என்றாள்.

பெயர் தெரிந்திருக்கிறது.

வயிற்றில் கட்டி. மே மாதமே தெரியுமாம். அத்தை வீட்டுக்கு என்று கிளம்பியதெல்லாம் இங்கேதான். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? படம் காட்டிக்கிட்டு இருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஏம்மா சொல்லல என்று கேட்டேன். "கிட்டதானே இருக்க" என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. மருந்துத் தூக்கம் கலையட்டும், அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று இரண்டு வாய் இளநீர் குடித்தாள். அதற்கே அப்பா சந்தோஷப்பட்டார்.

டிசம்பர் 3, புதன்

அம்மா போய்விட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

நேற்று கருமாதி முடிந்தது. இன்று துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை உதவிக்கு வந்தாள். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அந்த அம்மனிடம் என் காலேஜைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாக அம்மாவின் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்றேன்.

அத்தை மடித்த புடவையைக் கீழே வைத்தாள்.

"அவ உன்னப் பத்திக் கேக்கவே இல்லடி" என்றாள். "நீ படிச்சி முடிக்கிற வரைக்கும் இருப்பேனான்னுதான் கேட்டா. வெள்ள வந்தா டெல்லிக்கே அனுப்பிடறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கோயிலுக்கே வந்தா."

சிவப்பு வந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அத்தை மெதுவாகத்தான் சொன்னாள். "சொன்னா நீ பாவம் பாத்து நின்னுடுவ. அது அவளுக்குப் புடிக்கல. பழி சாமி மேல போவட்டும், எம் பொண்ணு கோவமாவாவது பக்கத்துல இருக்கட்டும்னா."

எடுத்தது என் கை. என்ன கேள்வி என்று தெரியாமல் எடுத்த கை. அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாளே, அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் என் கையைப் பிடித்தாள்.

பாவம் பாத்திருந்தா இன்னாம்மா? பாத்துட்டுப் போறேன். ஒரு வெள்ளிக்கிழமை விடாம வந்திருப்பேனே. எத்தனை வாட்டி பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னேன்.

ஜனவரி 9, வெள்ளி

மறுபடி சென்னை வந்து ஒரு வாரம் ஆகிறது. வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது.

நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

அப்பாதான். தானாக யாருக்கும் போன் செய்யத் தெரியாத மனிதர். அம்மாவின் போனில் யாரைக் கேட்டு அமுக்கினாரோ. கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டதா என்று நான் கேட்டேன். ம் என்றார். சாப்பிட்டீங்களா என்றேன். அதற்கும் ம்.

பிறகு, "வரியா?" என்றார்.

"வர்றேன்பா" என்றேன்.

பஸ் மரக்காணம் தாண்டிவிட்டது. குலுங்குகிறது, எழுத்தெல்லாம் கோணலாக விழுகிறது.