ஒருமாதிரிக் கிடக்கு

அண்ணை,

இன்று பின்னேரம் ஆறரைக்கு உங்கள் பெரிய மீன் மறுபடியும் சரிந்து படுத்தது. கடையில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஓர் அம்மாவுக்குத் தங்கமீன் பிடித்துக் கொடுக்க வலையும் கையுமாக நின்ற நான் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியின் இடது மூலையில், மணலுக்கு ஒரு விரல் மேலே, ஒரு கண் மேலே பார்க்க மறு கண் மணலைப் பார்க்க அது கிடந்தது. எப்போதும் நேராகத் தெரியும் மூன்று வெள்ளைப் பட்டிகளும் கிடையாகத் தெரிந்தன.

"தம்பி, உது செத்திட்டுதோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லையம்மா, நித்திரை" என்றேன். இந்தச் சொல்லை இப்போது என்னால் வாய் கூசாமல் சொல்ல முடிவதில்லை. இருபது நிமிடம் கழித்து மீன் ஒன்றும் நடக்காததுபோல எழும்பி நீந்தியது. அந்த அம்மா எப்போதோ போய்விட்டார். தங்கமீன் வாங்கினாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

கொழும்புத்துறை ஐஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் மோட்டார்களோடு மாரடித்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு என் கடைக்கு வந்தீர்கள். சோடிக் கோமாளி மீன் வேண்டும் என்றீர்கள். கடல் மீனைக் கண்ணாடிக்குள் வளர்ப்பது லேசான வேலையில்லை என்று எவ்வளவோ சொன்னேன். வியாபாரி சொல்லக்கூடாத பேச்சு அது. "முப்பது வரியம் செத்த மீனுக்கு ஐஸ் அடிச்சனான். இனி உயிரோடை ரெண்டைப் பாப்பம்" என்றீர்கள். வாசலிலேயே கடல் களப்பு கிடந்தும் அந்தத் தண்ணீர் உதவாது என்று, ஞாயிறு தவறாமல் பருத்தித்துறைக்குப் போய்க் பிளாஸ்ரிக் கான் கானாகக் கடல் தண்ணீர் அள்ளி வந்தீர்கள். "எனக்குக் கிணத்திலை ஒரு வாளி தண்ணி அள்ளித் தராத மனிசன்" என்று உங்கள் வீட்டுக்கார அக்கா என்னிடம் முறைப்பாடு வைத்தார்.

அந்த முதல் கிழமையை மறக்க முடியாது. காலையில் கடை திறக்க வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் சொப்பிங் பை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறீர்கள். முகத்தில் செத்த வீட்டுக் களை.

"நீர் தந்த மீனிலை ஒண்டு செத்துப்போட்டுது தம்பி."

பையை வாங்கி ஒரு தொட்டிக்குள் ஊற்றினேன். செத்த மீன் சுவரில் முட்டுமளவு வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. சந்தோசப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ ஓர் அடி பின்னால் போனீர்கள்.

"விடியப் பாக்கேக்கை ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடந்தது. கண்ணாடியிலை தட்டினனான், அசையேல்லை. கண் திறந்தபடி."

மீனுக்குக் கண்ணிமை இல்லை, அது அப்படித்தான் நித்திரை கொள்ளும் என்று விளங்கப்படுத்தினேன். அதிலும் இந்தச் சாதி சரிந்து கிடக்கும், வாலைக் கீழே விட்டு மேல்மூலையில் தொங்கும், மண் முட்டிக்குள் தலைகீழாகச் செருகிக்கொண்டு நிற்கும். கோமாளி என்று பெயர் வைத்தவன் அதைப் பகலில் மட்டும்தான் பார்த்திருப்பான். நீங்கள் சிரிக்கவில்லை. "கண் மூடாத நித்திரை ஒண்டை நான் முந்தி ஒருக்காப் பாத்தனான். அது நித்திரை இல்லை" என்றீர்கள். எங்கள் பக்கத்தில் சண்டைக் காலத்தைக் கண்ட வயதானவர்களிடம் இப்படி ஒரு வசனம் இருக்கும். அதன் மிச்சத்தை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தொலைபேசிதான். அநேகமாக விடியற்காலையில் எடுப்பீர்கள், இல்லாவிட்டால் தொட்டி லைற்றை நிறுத்திய பிறகு. உடம்பை ஆட்டி ஆட்டி மேலே நிற்கிறது, வலிப்போ? சின்னது பெரியதுக்கு முன்னால் நடுங்குகிறது, காய்ச்சலோ? பெரியது பெட்டை, சின்னது அதற்குப் பணிந்து காட்டுகிறது என்று சொன்னேன். "அப்ப எங்கடை வீட்டுச் சட்டம்தான் தொட்டிக்கையும்" என்றீர்கள். பின்னால் அக்காவின் குரல் உயர்ந்தது எனக்கும் கேட்டது.

எதற்கெடுத்தாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. லைற் எரியுதோ? செவுள் ஒரே சீராய் அடிக்குதோ? லைற் நின்று, செவுள் சீராக அடித்தால் நித்திரை. லைற் எரியும்போது சரிந்து கிடந்தால் நோய், உடனே பார்க்கவேண்டும். முழுச் சாத்திரமும் இவ்வளவுதான். சாதகம் சொல்பவனைப்போல நீங்கள் எனக்கு 'மீன் சாத்திரி' என்று பெயர் வைத்தீர்கள். வாடிக்கையாளர் முன்னாலும் அப்படியே கூப்பிட்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பொழுதுபட்ட மைமல் நேரம் வீட்டுக்கு வரச் சொன்னீர்கள். எனக்குக் காட்டுவதற்காக அன்று நேரத்தோடு தொட்டி லைற்றை நிறுத்தினீர்கள். யன்னலால் களப்பின் சேற்று மணம் வந்துகொண்டிருந்தது. இரண்டு மீனும் நீந்த மறந்தவைபோல மெல்ல மெல்லக் கீழே இறங்கின. பெரியது சரிந்தது. நீங்கள் முகத்தைக் கண்ணாடியோடு வைத்து, "ஒண்டு... ரெண்டு..." என்று அதன் செவுளை எண்ணத் தொடங்கினீர்கள். எண்ண எண்ண உங்கள் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. நடுவில் செவுள் ஒருமுறை பிந்தியது. நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். செவுள் அடித்த பிறகுதான் விட்டீர்கள். "எண்ணினது காணும் அண்ணை, லைற்றைப் போடுங்கோ" என்று நான்தான் சொன்னேன்.

இனி அந்த நாள். சொல்லாமல் விட முடியாது.

பின்னேரம் ஆறரை. கடை முட்டச் சனம். ஒருவருக்குப் பம்ப் வேலை செய்யவில்லை, இன்னொருவர் விலை கேட்டுக்கொண்டே நிற்கிறார். தொலைபேசியில் நீங்கள்.

"தம்பி, ஒருமாதிரிக் கிடக்கு."

"சரிஞ்சு போய்க் கிடக்கோ?"

கொஞ்சம் பொறுத்து, "ஓம், சரிஞ்சுதான்" என்றீர்கள்.

"உது நித்திரை அண்ணை. லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் பேசாமல் விடுங்கோ. கொஞ்ச நேரத்திலை சரிவரும்."

"சரிவருமோ?"

"ஓம் ஓம், சரிவரும்."

"அப்ப சரி" என்றீர்கள். வைத்துவிட்டேன். என் இரண்டு கேள்வியில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

ஏழரைக்கு அக்கா கோயிலால் வந்தபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. பக்கத்து வீட்டார் ஓட்டோவில் ஏற்றினார்கள். மாரடைப்பு. ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கினாராம், முடிக்கவில்லையாம்.

செத்த வீட்டில் அக்கா என்னைக் கண்டதும், "கடைசியா உங்களோடைதானே தம்பி கதைச்சவர், என்ன சொன்னவர்?" என்று கேட்டார். "மீனைப் பற்றித்தான் அக்கா" என்றேன். அந்த நேரம் அது பொய் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சாகிற நேரத்திலும் மீனை நினைத்த மனிதர் என்று வந்தவர்களிடம் நானே பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அக்கா உங்கள் தொட்டியையும் மீன்களையும் என்னிடம் ஏற்றி அனுப்பினார். தானும் கூடவே வந்தார். நான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, பின்னால் நின்று கதைத்தார்.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லைத் தம்பி. நான் வரேக்கை வீட்டு லைற் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு இருட்டுக்கை படுத்திருந்தார். பொழுதுபட்டும் விளக்கு வைக்காட்டி என்னை ஏசுற மனிசன். வீட்டுக்கை மீன் தொட்டி மட்டும்தான் வெளிச்சம்."

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தேன். "மீன்?" என்றேன்.

"மீனுக்கென்ன, நல்லா ஓடித் திரிஞ்சது. ஆறு மணிக்கு நான்தானே சாப்பாடு போட்டுட்டுக் கோயிலுக்குப் போனனான்."

நீங்கள் மீனைச் சொல்லவில்லை. உங்களைச் சொன்னீர்கள். நான் நிறுத்தச் சொன்ன லைற்றை, உங்களுக்கென்று நினைத்து நிறுத்தினீர்கள். பேசாமல் விடச் சொன்னேன், பேசாமல் கிடந்தீர்கள். முப்பது வருடம் இயந்திரம் பார்த்த ஆள், சாத்திரி சொன்னான் என்று சரிவரும்வரை இருட்டுக்குள் காத்திருந்தீர்கள்.

எங்கள் பேச்சைப் பாருங்கள் அண்ணை. பூட்டுத் திறப்பு மேசையில் கிடக்கும், மழை வருமாப்போலக் கிடக்கும், சரிந்த மீனும் கிடக்கும். நெஞ்சுக்குள் ஏதோ செய்தாலும் ஒருமாதிரிக் கிடக்கும். ஆருக்கு என்று சொல்லத் தேவையில்லை. கேட்கிறவனுக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுவோம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப் பஞ்சிப்படும் உங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு வசதி! எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அக்காவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரை ஊற்றி முடித்தேன்.

மீன்கள் வந்த மூன்றாம் நாள் இது தொடங்கியது. சரியாக ஆறரைக்கு, லைற் எரிய எரிய, பெரியது இடது மூலையில் சரிந்தது. சின்னது கிட்டப் போகாமல் வலது பக்கம் நின்றது. தண்ணீரைச் சோதித்தேன், உப்பு சரி. பம்பை மாற்றினேன். தொட்டியையே எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அங்கேயும் இடது மூலைதான். லைற் எரிகிறது, ஆனாலும் செவுள் சீராக அடிக்கிறது. அடுத்த நாள் நன்றாகச் சாப்பிடுகிறது. என் சாத்திரத்தில் இதற்குப் பலன் இல்லை. நீங்கள் அந்த நேரம் தொட்டி லைற்றை நிறுத்திப் பழக்கியிருப்பீர்கள், உடம்பு நினைவு வைத்திருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அக்காவிடம் கேட்டால், "இல்லையே, எட்டு மணிக்கெல்லோ நிப்பாட்டுறவர்" என்றார்.

பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் ஆறரை ஆகும்போது தொட்டிக்கு முதுகு காட்டி நிற்கவும் எனக்குத் துணிவில்லை. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செவுளை எண்ணுகிறேன் என்று தெரிந்தது. அதோடு சேர்ந்து நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அன்றே கடையைப் பூட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏசுவார், அழுவார் என்று நினைத்துப் போனேன். இரண்டும் செய்யவில்லை. "என்னட்டை ஒருநாளும் தனக்கு ஏலாதெண்டு சொன்னதில்லை. உங்களிட்டையாவது சொன்னாரே" என்றார். மன்னிப்பும் கோபமும் கலந்த குரல். கோபம் என்மேல் இல்லை என்று நினைக்கிறேன். தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யார் 'ஒருமாதிரிக் கிடக்கு' என்றாலும், "ஆருக்கு?" என்று கேட்பேன். கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். "மீனுக்குத்தான், வேறை ஆருக்கு?" என்பார்கள். உனக்கு விசரோ என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். பலாக்கொட்டைக் குழம்பைப் பற்றி அவள் சொன்னபோதும் கேட்டிருக்கிறேன்.

போன கிழமை பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார். கடையில் சனம். "தம்பி, ஒருமாதிரிக் கிடக்கு" என்றார். அந்த வீட்டில் இப்போது மீனும் இல்லை, தொட்டியும் இல்லை. கேட்கத் தேவையே இல்லை. ஆனாலும் பழக்கம் கேட்டுவிட்டது.

"ஆருக்கு அக்கா?"

பிழை செய்து பிடிபட்டவர்போல மெல்ல, "எனக்குத்தான்" என்றார்.

கடையை யாரிடம் விட்டேன் என்று கேட்காதீர்கள். ஓட்டோ பிடித்துப் போனேன். அக்கா வாசற்படியில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, குளிசை கொடுத்து விட்டார்கள். இப்போது சுகம், கொடிகாமத்தில் தங்கையோடு இருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி அக்கா ஒன்று சொன்னார். "நீங்கள் அண்டைக்குக் கேட்டிருந்தாலும், அந்த மனிசன் மீனுக்குத்தான் எண்டு சொல்லியிருக்கும் தம்பி."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம், நீங்கள் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் அண்ணை, அக்காவும் அப்படிப்பட்டவர்தான். கேட்டதும் சொன்னார்.